வரும்போது பார்த்துக்கலாம்

இன்னும் நாற்பத்தொரு நிமிடம். திரையின் மேல் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தபசுக்கனி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு மணி நேரம் விழாமல் ஓடிவிட்டால் சோதனை தேறியது, தேறிவிட்டால் அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் நாளைக் காலை வேன் வந்து அந்த வெள்ளைப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போகும், போனால் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டுப் படுக்கைகளின் இதயத் துடிப்பும் எட்டுக் கோடுகளாக ஒரே திரையில் ஓடத் தொடங்கும். எட்டுக் கோடுகளுக்கும் அடியில் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது கெர்னல், எந்த நிரலுக்கு எந்த இடம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் அடிமட்ட நிரல், அதில் நினைவகப் பகுதி முழுக்க அவள் எழுதியது. பயப்பட ஒன்றுமில்லை. எழுபத்தொரு மணி நேரமாக ஒரு பிழை இல்லை. பெருங்குடியில் இந்த மூன்றாம் மாடியில் ஏசிக் காற்று நேராகப் பிடரியில் விழுகிறது, அதனால்தான் இந்தக் குளிர், வேறொன்றுமில்லை. இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு, எழுபத்திரண்டு மணி நேரம் நெருங்கும்போது கீழ்க் கடையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜி வரும், பஜ்ஜி வரும்வரை 'முடிஞ்சுது' என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் சோதனை விழுந்துவிடுமாம். படித்தவர்கள்தான், இருந்தாலும் இந்த விஷயத்தில் ஒருத்தரும் துணிய மாட்டார்கள். மேலாளர் ரங்கபாஷ்யம் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, "என்ன தபசு, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? போய்த் தூங்கிட்டு வந்திருக்கலாமே" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றாள். கைப்பைக்குள் விரல் அந்தச் சாவியைத் தேடிப் போனது. அதைத் தொட வேண்டாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சாவி. நேற்றுச் சாயங்காலம் நடந்ததை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பான், அப்புறம் ஒரு மாதிரியாகப் பார்ப்பான். ஆதம்பாக்கத்து வீட்டைக் காலி செய்து மேடவாக்கம் போய் இருபது நாள் ஆகிறது, வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறார், காலி செய்து கொடுங்கள் என்றார்கள், கொடுத்தாயிற்று, சாவி இரண்டையும் கொடுத்தாயிற்று, மூன்றாவது ஒன்று பையின் உள்ளறையில் கிடந்தது யாருக்கும் ஞாபகமில்லை. நேற்று பஸ்ஸில் வரும்போது தலைக்குள் சோதனையே ஓடிக்கொண்டிருந்தது, ஐம்பது மணி நேரம், ஐம்பத்தொன்று, கால் தானாக இறங்கியது, தானாகச் சந்து திரும்பியது, இரண்டாம் மாடி, இடது பக்கக் கதவு, கை சாவியை எடுத்தது, செருகியது, திருப்பியது. திரும்பியதுதான் கொடுமை. திரும்பாமல் இருந்திருந்தால் அசடு வழிந்துவிட்டு அப்படியே இறங்கி வந்திருப்பாள். பூட்டை அவர்கள் மாற்றவில்லை, கதவு வழக்கம்போல் கீழே லேசாக உரசிக்கொண்டு திறந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் படுக்கையறை விளக்கையும் போட்டுவிட்டாள், சுவிட்ச் அதே இடத்தில் இருந்தது, அவளுடைய கட்டில் கிடந்த இடத்தில் யாரோ ஒரு குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண், "யாரு? யாரு நீங்க? எப்பிடி உள்ள வந்தீங்க?" என்று கத்தினாள், அதற்குத் தபசுக்கனி சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. "இது என் வீடுதானே" என்றாள். சந்தேகமே இல்லாமல் சொன்னாள். அந்தப் பெண் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள், அந்தக் கண்ணில் இருந்தது கோபமில்லை, பயம், தபசுக்கனியைப் பார்த்து வாழ்க்கையில் யாரும் அப்படிப் பயந்ததில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடி வந்துவிட்டாள். முப்பத்தைந்து நிமிடம். முப்பத்தைந்தா? அதற்குள்ளா? நேரம் போவது நல்லதுதான், போகட்டும்.

பூட்டை மாற்றாதது அவர்கள் தப்பு என்று ராத்திரி முழுக்கத் தனக்குத் தானே வாதாடிக்கொண்டிருந்தாள். சாவியை வைத்துக்கொண்டிருந்தது இவள் தப்பு. யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம், அம்மா, நீ இனிமேல் இங்கே இல்லை என்று. சொல்லத்தான் செய்தார்கள், வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது, காஸ் கம்பெனியில் மாற்றியாயிற்று, ஆதாரில் மாற்றியாயிற்று, எல்லாக் காகிதத்திலும் மேடவாக்கம்தான், காலுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. காலுக்குச் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை எங்கேயோ, வேறு ஏதோ உருவத்தில். எங்கே? ஓடும் ஒவ்வொரு நிரலும் நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும், அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பதுதான் அவள் பிழைப்பு. நிரல் சொல்வது கற்பனை முகவரி, கெர்னல் எழுதி வைத்திருக்கும் பக்க அட்டவணையைப் பார்த்துத்தான் பிராசசர் நிஜமான இடத்துக்குப் போகும். எல்லா முகவரிக்கும் ஒரே பெரிய அட்டவணை போட்டால் நினைவகமே அதற்குச் சரியாகப் போய்விடும், அதனால் படிப்படியாக அடுக்கியிருக்கிறது, முதல் அட்டவணை ஊரைக் காட்டும், அடுத்தது தெருவை, அடுத்தது மாடியை, கடைசிதான் கதவு எண், ஆள் இல்லாத ஊருக்குத் தெருப் பட்டியல் எழுத வேண்டியதே இல்லை, இதில் உள்ள சாமர்த்தியமே அதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் நாலு படி இறங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது, எனவே பிராசசர் சமீபத்தில் போய் வந்த கதவுகளை ஒரு சின்னச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அட்டவணையைத் திரும்பிப் பார்க்காமல் நேரே போய்விடும். குடித்தனம் மாறினால் அட்டவணையைத் திருத்துவது பாதி வேலை, சீட்டைக் கிழி என்று சொல்வது மீதி. சொல்லாவிட்டால் பழைய வீட்டுக்கே போகும். சாவி திரும்பும். உள்ளே வேறு யாரோ படுத்திருப்பார்கள். இது பாலபாடம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அதுவும் பெட்டிக்குள் இருக்கும் இந்தப் புது போர்டில் பிராசசருக்குள் கோர் நாலு, நாலு தனித்தனி ஆட்கள் மாதிரி, நாலு பேரிடமும் தனித்தனிச் சீட்டு, ஒருத்தன் சீட்டைக் கிழித்தால் மற்ற மூன்று பேருக்கும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், பழைய போர்டில் கோர் ஒன்றே ஒன்று என்பதால் அந்தத் தொல்லை இல்லை. புது போர்டு வந்தபோது அப்படிச் சொல்ல வேண்டிய இடங்களைத் தேடித் தேடித் திருத்தினாள், நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்தாள், பதினொரு இடம். பதினொன்றுதான். அன்றைக்கு வில்வம் கேட்ட இடமும் அந்தப் பதினொன்றில் ஒன்றுதானே?

வில்வநாதன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அடுத்த மேஜை. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படிப்பார், கூட்டத்தில் அவர் கையைத் தூக்கினாலே எல்லோரும் நாற்காலியில் சாய்ந்துகொள்வார்கள், சாப்பாட்டு நேரம் போச்சு என்று ஜாடை காட்டுவார்கள். அன்றைக்கும் கையைத் தூக்கினார். படுக்கை நிரல்கள் வேலை முடிந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு குறுக்கு வழி, அதில் வில்வம் எழுதி வைத்திருந்த நாற்பது வரியைத் தபசுக்கனி வெட்டியிருந்தாள், மற்ற கோர்களுக்குச் சொல்லிப் பதில் வரக் காத்திருக்கும் வரிகள். இருப்பதே ஒரு கோர், இல்லாத ஆளை எதற்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்? வெட்டிய இடத்தில் 'தேவையில்லை' என்று குறிப்பும் எழுதினாள். "நாளைக்கு இன்னொரு கோர் வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்றார் வில்வம். "வரும்போது பாத்துக்கலாம் வில்வம்" என்றாள் இவள். பெரிய நகைச்சுவை ஒன்றுமில்லை, ஆனால் அறையே சிரித்தது, அப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்த மனிதர் எதைக் கேட்டாலும் யாராவது ஒருத்தர் "வரும்போது பாத்துக்கலாம் வில்வம்" என்பார்கள், காப்பியில் சர்க்கரை இல்லை என்று அவர் சொன்னால்கூட. இவளும் சிரித்திருக்கிறாள். அடுத்த வருஷம் காரைக்குடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது இவளிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைக்க வசதியாக இருந்தது. இருபத்தேழு நிமிடம். அந்தக் குறுக்கு வழி எந்தக் கோப்பில் இருந்தது? நினைவகக் கோப்பில். இல்லை. வேகத்துக்காக அதைத் தூக்கி, திரையில் அலைக்கோடு வரையும் டிரைவர் என்ற தனி நிரலின் கோப்பில் வைத்தது யார்? இவள்தான். பதினொரு இடங்களை எந்தக் கோப்புகளில் தேடினாள்? நினைவகக் கோப்புகளில்.

கோப்பைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததை அவள் மறைக்க முடியாது. திறந்தாள். இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டாவது வரி, தன் கோர் சீட்டை மட்டும் கிழித்துவிட்டுத் திரும்பி வரும் ஒற்றை வரி, மேலே அவள் எழுதிய 'தேவையில்லை'. இல்லை, பொறு, பதறாதே, எழுபத்தொரு மணி நேரமாக ஓடுகிறதே, நாலு கோரில் ஓடுகிறதே, இப்படி ஒரு ஓட்டை இருந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் விழுந்திருக்காதா? ஒவ்வொரு படுக்கையின் நிரலுக்கும் இரண்டு கை, ஒன்று துடிப்பை வாங்கும், ஒன்று வரையும், வாங்கும் கை ஒரு கோரில், வரையும் கை இன்னொன்றில், வாங்கும் கை இடத்தைத் திருப்பிக் கொடுத்ததும் கெர்னல் அதை வேறு படுக்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிடும், வரையும் கைக்குச் செய்தி போகாது, அது பழைய சீட்டை வைத்துக்கொண்டு அதே கதவைத் திறக்கும், மூன்றாம் படுக்கையின் கோட்டில் ஐந்தாம் படுக்கையின் துடிப்பை வரையும். வரைந்திருக்க வேண்டும். வரையவில்லையே. எனவே ஓட்டை இல்லை. எனவே பதினொன்று போதும். எனவே. சோதனையைத் தொடங்கும் கட்டளையை எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று திறந்தாள், முதல் வரியிலேயே நின்றாள். எல்லாவற்றையும் பூஜ்யமாவது கோரிலேயே, நாலில் முதல் கோரிலேயே, ஓட்டு என்று இருந்தது. யார் எழுதியது? பெயரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. போன மாதம் நாலு கோரில் ஓடும்போது பதிவுகள் முன்னுக்குப் பின்னாக வந்து படிக்க முடியவில்லை, பதிவு சுத்தமாக வரட்டுமே என்று ஒரே கோரில் கட்டிப் போட்டாள், அவிழ்க்க மறந்துபோனாள். இரண்டு கைகளையும் ஒரே அறையில் பூட்டி வைத்துவிட்டு எழுபத்தொரு மணி நேரமாக, பார், சண்டை போடவில்லை, பார், சண்டை போடவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் இப்படி ஒரே கோரில் கட்டிப் போட யாரும் இருக்க மாட்டார்கள், அங்கே நாலு கோரும் ஓடும்.

பத்தொன்பது நிமிடம். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும், சோதனையை நிறுத்த வேண்டும், திருத்த வேண்டும், முதலிலிருந்து ஓட்ட வேண்டும், மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும், ரங்கபாஷ்யம் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், அவர் முகம் எப்படிப் போகும், அதுவும் ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தள்ளிப்போன பிறகு. திறக்காவிட்டால்? ஒருவேளை வராமலே போகலாம். கோடியில் ஒரு தடவை வரலாம், ஒரு வினாடி ஒரு கோட்டில் ஒரு நெளிசல், யார் கவனிக்கப்போகிறார்கள், அடுத்த மாதம் புதுப்பிப்பு அனுப்பும்போது சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம், வரும்போது பார்த்துக்கலாம். தன் வாய்க்குள்ளேயே அந்தச் சொல் வந்து நின்றதும் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பெட்டி வைக்க இடம் பார்க்கப் போனபோது அந்தப் பிரிவின் நர்ஸ் ஸ்டெல்லா சொன்னது, ஒல்லியான அம்மாள், கையில் ஊசித்தட்டு, "ஒரு பெட்டுக்கு மருந்து குடுக்கும்போது மத்த ஏழு பெட்டுக்கும் நாங்க முதுகக் காட்டித்தாம்மா நிக்கணும். உங்க திரைய நம்பித்தான் முதுகக் காட்டப்போறோம்." முதுகைக் காட்டப்போறோம். மூன்றாம் படுக்கையில் துடிப்பு நின்றிருக்கும், திரையில் ஐந்தாம் படுக்கையின் துடிப்பு அழகாக ஓடிக்கொண்டிருக்கும், அலாரம் அடிக்காது, அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி, நல்லா இருக்கு என்று மறுபடி முதுகைக் காட்டுவாள். இல்லை, அப்படி ஆகாது. ஆகும். ஒரு வினாடிதான். ஒரு வினாடிதான் என்று யார் சொன்னது, சீட்டைக் கிழிக்காதவரை அது பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும், இது என் வீடுதானே என்று சந்தேகமே இல்லாமல் சொல்லும்.

அலமாரியில் இரண்டாவது போர்டு சும்மா கிடந்தது. இழுத்து வைத்துச் செருகினாள், அவசரத்தில் கம்பி இரண்டு தடவை தவறியது. அதே நிரல், அதே சோதனை, அந்த ஒரு கட்டை மட்டும் அவிழ்த்து ஓட்டினாள். சோதனையில் நிஜத் துடிப்பு கிடையாது, ஒவ்வொரு படுக்கையும் தன் எண்ணையே எழுதிக்கொண்டிருக்கும், ஒன்றாம் படுக்கை ஒன்று ஒன்று ஒன்று, மூன்றாம் படுக்கை மூன்று மூன்று மூன்று, எட்டு வரிசையில் எண்கள் கீழிருந்து மேலே ஓடின. பதினைந்து நிமிடம். ஒன்றும் இல்லை. மூன்று மூன்று மூன்று மூன்று. பதினான்கு. கண்ணைச் சிமிட்டப் பயமாக இருந்தது. பன்னிரண்டு. ஒன்றும் இல்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் தலைதூக்கியது, வெட்கம்கெட்ட சந்தோஷம், பார்த்தாயா, வரவில்லை, நான்தான் பயந்து சாகிறேன், தூக்கம் இல்லாததால் வரும் பயம், நேற்று வேறு அந்த வீட்டு விவகாரம், இதை இப்படியே மூடிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், ஐந்து நிமிடம் ஓடியும் வரவில்லை என்றால் வராது என்றுதான் அர்த்தம், இல்லையா? இல்லை என்று அவளுக்கே தெரியும். ஒன்பது நிமிடம். பஜ்ஜி வாசனை வந்துவிட்டது, பின்னால் தட்டுகள் வைக்கும் சத்தம், யாரோ சட்னி எங்கே என்றார்கள், ரங்கபாஷ்யம் அவள் நாற்காலியின் பின்னால் வந்து நின்று, "அந்த வார்த்தைய மட்டும் யாரும் சொல்லிடாதேள்" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார், சிரிப்புக் கேட்டது. எட்டு நிமிடம். ஏழு. மூன்று மூன்று மூன்று மூன்று ஐந்து மூன்று மூன்று. அது மேலே ஏறிப் போய்விட்டது. கண்ணில் பட்டதா, மனசில் பட்டதா? திரையை நிறுத்தி, மேலே நகர்த்தித் தேடினாள், இருந்தது. மூன்றுகளுக்கு நடுவே ஓர் ஐந்து, மற்ற எண்களைப் போலவே அடக்கமாக உட்கார்ந்திருந்தது, அது வேற்று வீட்டில் இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

முதல் போர்டில் இன்னும் நாலு நிமிடம் சொச்சம் இருந்தது. யோசித்தால் யோசித்துக்கொண்டே இருப்போம் என்று பயந்து, யோசிக்காமல் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். கடிகாரம் எழுபத்தொரு மணி நேரம் ஐம்பத்தைந்து நிமிடத்தில் நின்றது. "தபசு! என்ன பண்ணிட்ட? கை பட்டுடுத்தா?" என்றார் ரங்கபாஷ்யம். "கை படல சார். நான்தான் நிறுத்தினேன்" என்றாள். இரண்டாவது திரையைத் திருப்பிக் காட்டினாள், அந்த ஐந்தின் மேல் விரலை வைத்தாள், "மூணாவது பெட்ல அஞ்சாவது பெட்டோட துடிப்பு சார். என் தப்பு. ரெண்டும் என் தப்பு, அந்த வரியும், சோதனைய ஒரே கோர்ல கட்டினதும்" என்றாள். அவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "இத நாலு நிமிஷம் கழிச்சுச் சொல்லப்படாதா" என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தின் அர்த்தம் தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். முகம் சிவந்து, அப்புறம் வெளுத்து, போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், "டாக்டர், நாளைக்கு வண்டி வராது" என்று தொடங்கினார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கோபப்பட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவள் வராந்தாவுக்குப் போய் வில்வநாதனைக் கூப்பிட்டாள். எண் அதேதான், ஆறு வருஷமாகப் போனில் இருக்கிறது, ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. பின்னணியில் மாணவர்களின் இரைச்சல், ஏதோ ஒரு கதவு சாத்தும் சத்தம், அப்புறம் அந்த நிதானமான குரல், "தபசுங்களா? நல்லாருக்கீங்களா?" என்றது. சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "வந்துருச்சு வில்வம்" என்றாள். "எதுங்க?" "இன்னொரு கோர். அன்னிக்கு நீங்க கேட்டீங்கள்ல, இன்னொரு கோர் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு. நான் வரும்போது பாத்துக்கலாம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த நாப்பது வரி. மன்னிச்சிருங்க வில்வம்." அவர் நிஜமாகவே யோசிக்கிறார் என்று தெரிந்தது. "நான் கேட்டேனா?" என்றார். "சத்தியமா ஞாபகம் இல்லீங்களே. எந்த வரிங்க?" தபசுக்கனி சுவரில் சாய்ந்துகொண்டாள், சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் வழிந்தது, இத்தனை வருஷம் அந்தக் கதவுக்கு முன்னால் அவள் மட்டும்தான் போய்ப் போய் நின்றிருக்கிறாள், அவர் எப்போதோ காலி செய்துகொண்டு போய்விட்டார். "ஒண்ணும் அனுப்பிடலையே?" என்று கேட்டார் அவர், அதே பழைய நிதானம். "அனுப்பல. நாளைக்குக் காலைல போக இருந்துச்சு." "அப்பச் சரிங்க. அந்த நாப்பது வரி பழைய பதிப்புல கெடக்கும், எடுத்துப் போடுங்க. எனக்கு வகுப்புக்கு மணி அடிச்சிருச்சு" என்று வைத்துவிட்டார்.

நாற்பது வரியும் கிடைத்தது, ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. 'தேவையில்லை' என்ற குறிப்பை அழித்தாள், சோதனையின் கட்டை அவிழ்த்தாள், முதல் போர்டில் ஏற்றி, நாலு கோரிலும் ஓட்டிவிட்டாள். சாவியைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள், சாயங்காலம் ஆதம்பாக்கம் போய் அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும், பூட்டையும் மாற்றிவிடச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை. பிடரியில் ஏசிக் காற்று விழுந்துகொண்டே இருந்தது. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து கிளம்பியது, ஒரு வினாடி, இரண்டு வினாடி, மூன்று மூன்று மூன்று, ஐந்து வருமோ என்று ஒவ்வொரு மூன்றையும் பார்த்தாள். போனில் பேசி முடித்துவிட்டு ரங்கபாஷ்யம் வந்தார், அவள் பக்கம் பார்க்காமல் ஒரு தட்டை எடுத்து அவள் மேஜையில் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சாப்பிடு, ஆறிடுத்து" என்றார். "இன்னும் எழுபத்திரண்டு மணி நேரம் இருக்கு."